கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத்: பிரிவினைக்குப் பின் சமுதாயம் காத்த தலைவர்

வியாபாரிகளாகிய நமக்குப் பாகப்பிரிவினை புதிய விஷயம் அல்ல. கூட்டாக நடந்த கடையைப் பிரிக்கும்போது சரக்கை எண்ணலாம், பாக்கியைக் கணக்கிடலாம், பேரேட்டை முடித்துக் கையொப்பமும் இடலாம். ஆனால் அந்தக் கடையை நம்பிப் பக்கத்தில் வாழ்ந்தவர்களின் கதி என்ன என்பதை எந்தப் பேரேடும் சொல்வதில்லை. 1947ஆம் ஆண்டில் இந்தியா பிரிந்தபோது நேர்ந்ததும் இதுதான். பங்கு கேட்டவர்கள் இருந்தார்கள். பங்கு கொடுத்தவர்கள் இருந்தார்கள். இரு தரப்பிலும் சேராமல், பிரிந்துபோன வீட்டின் பழைய பகுதியிலேயே தங்கிவிட்ட கோடிக்கணக்கான முஸ்லிம்களும் இருந்தார்கள். அவர்களுக்காகப் பேச முன்வந்த ஒரு தமிழரின் வாழ்க்கையை நமது வாசக நேயர்களுக்கு இங்கே தருகிறோம். அவரே கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப் அவர்கள்.

இளமையும் வர்த்தகமும்

திருநெல்வேலிப் பேட்டையில் 1896ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் அன்னார் பிறந்தார். தந்தையார் மியாகான் ராவுத்தர் அவர்கள் மார்க்கக் கல்வியும் வர்த்தகமும் ஒருங்கே வாய்ந்தவர். தந்தையை இளமையிலேயே இழந்த அவரைத் தாயார்தான் வளர்த்து ஆளாக்கினார். பேட்டை, மேலப்பாளையம், கடையநல்லூர், தென்காசி என்ற பெயர்களெல்லாம் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் வாழும் நம்மவர் பலருக்குச் சொந்த வீட்டு வாசலைப் போன்றவை. ஆகவே இவரை நம் ஊர்ப் பிள்ளை என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு.

பதின்மூன்று வயதிலேயே, 1909இல், திருநெல்வேலியில் முஸ்லிம் வாலிபர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். திருநெல்வேலியிலும் பின்னர் திருச்சியிலும் சென்னையிலும் கல்லூரிப் படிப்பைத் தொடர்ந்தார். 1920இல் கிலாபத், ஒத்துழையாமை இயக்கங்கள் நாடெங்கும் அலையெனப் பரவின. பட்டப் பரீட்சை நெருங்கிய வேளையில் படிப்பைத் துறந்து வெளியேறிய மாணவர்களில் அவரும் ஒருவர்.

பிறகு தோல் வர்த்தகத்தில் இறங்கினார். அக்காலத்தில் சென்னையின் பெரியமேடு தோல் மண்டிகளுக்குப் பேர்போன இடம். தென்னிந்தியாவில் பதனிட்ட தோல் கப்பலேறி லண்டன் சந்தைவரை சென்றது. அவ்வர்த்தகத்தின் முடிசூடா மன்னராக விளங்கியவர் வள்ளல் ஜமால் முகம்மது சாகிப் அவர்கள். அந்த வட்டாரத்தில் பழகிய இஸ்மாயில் சாகிப், தோல் வியாபாரிகள் சங்கத்திலும் வர்த்தக சபையிலும் பொறுப்பேற்று உழைத்தார். சரக்கின் தரத்தை மறைக்காமல் சொல்வதும், கொடுத்த வாக்கை நஷ்டம் வந்தாலும் காப்பதும் வர்த்தகரின் இலக்கணம். அவ்விரண்டையும் அவர் அரசியலுக்கும் கொண்டு சென்றார் என்றால் அது மிகையாகாது.

லீகும் பாகிஸ்தான் கோரிக்கையும்

1941ஆம் ஆண்டு ஏப்ரலில் அகில இந்திய முஸ்லிம் லீகின் மகாநாடு சென்னையில் கூடியது. காயிதே ஆஸம் ஜின்னா அவர்கள் தலைமை வகித்த அம்மகாநாட்டில், முந்தின ஆண்டு லாகூரில் நிறைவேறிய பிரிவினைக் கோரிக்கை லீகின் குறிக்கோளாகவே சட்டதிட்டத்தில் சேர்க்கப்பட்டது. அக்கோரிக்கை நிறைவேறினாலும் சென்னை மாகாணம் அதில் சேரப்போவதில்லை என்பது யாவரும் அறிந்ததே. இங்கே முஸ்லிம்கள் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவே இருந்தனர்.

எனினும் 1946ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னை மாகாணத்து முஸ்லிம்கள் பெருவாரியாக லீகுக்கே வாக்களித்தனர். மாகாண லீகின் தலைவராக இருந்த இஸ்மாயில் சாகிப் சட்டசபையில் எதிர்க்கட்சித் தலைவரானார். தங்களுக்குப் பயன்தராத ஒரு பிரிவினைக்கு நம் பெரியவர்கள் ஏன் வாக்களித்தார்கள் என்று இன்றைய வாலிபர்கள் நம்மைக் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். வடக்கே ஒரு முஸ்லிம் அரசு அமைந்தால் இங்குள்ள சிறுபான்மைக்கும் அது ஓர் அரணாகும் என்று பலர் நம்பினர். சட்டசபையில் தங்கள் குரலாக இருப்பது லீக் ஒன்றே என்று வேறு பலர் கருதினர். எல்லைக் கோடு எங்கே விழும், அதன் விலை என்ன என்பதை அன்று வாக்களித்தவர்களில் எவரும் கண்டதில்லை. இஸ்மாயில் சாகிபும் அக்கோரிக்கையை ஆதரித்தவர்தாம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மறைத்தால் பின்னால் அவர் சுமந்த பாரத்தின் கனம் நமக்கு விளங்காது.

இரண்டு மாகாணங்கள் பிளந்தன

1947 ஜூன் 3ஆம் நாள் பிரிவினைத் திட்டம் வெளியாயிற்று. ஜூன் 20இல் வங்காளச் சட்டசபையும், மூன்று நாள் கழித்துப் பஞ்சாப் சட்டசபையும் வாக்கெடுத்தன. இரண்டு மாகாணங்களும் மத அடிப்படையில் துண்டாவது உறுதியாயிற்று. அஸ்ஸாமைச் சேர்ந்த சில்ஹெட் ஜில்லாவில் ஜூலை மாதம் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. எல்லை வகுக்க வந்த ராட்கிளிஃப் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர் அதற்கு முன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஜூலை 8இல் வந்து இறங்கியவருக்கு ஐந்து வார அவகாசமே கிடைத்தது. ஜனத்தொகைக் கணக்கையும் தேசப்படத்தையும் மேஜைமேல் விரித்துக் கோடு போட்டார். சுதந்திரம் பிறந்து இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 17ஆம் நாள்தான் அக்கோடு வெளியிடப்பட்டது. தம் ஊர் எந்த நாட்டில் இருக்கிறது என்று தெரியாமலே மக்கள் சுதந்திர தினத்தைக் கழித்தார்கள்.

வயல் ஒரு பக்கம், வாய்க்காலின் தலைமதகு மறுபக்கம் என்றாயிற்று. கிழக்கு வங்காளத்தில் சணல் விளைந்தது. அதை நெய்யும் ஆலைகளோ கல்கத்தாவில் இருந்தன. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு ஓடினர். லட்சக்கணக்கானோர் மாண்டனர். அதில் முஸ்லிம், இந்து, சீக்கியர் என்ற பேதம் இல்லை. எல்லாத் தரப்பிலும் தாய்மார்கள் அழுதார்கள்.

தமிழ்நாட்டில் இரத்தம் சிந்தவில்லை. ஆனால் வேறு விதமான சோதனை வந்தது. பக்கத்துக் கடைக்காரர் நேற்றுவரை பார்த்த பார்வைக்கும் இன்று பார்க்கும் பார்வைக்கும் வித்தியாசம் தென்படலாயிற்று. பங்கைப் பிரித்து வாங்கிக்கொண்டீர்களே, இன்னும் ஏன் இங்கே என்ற கேள்வி வாய்விட்டும் விடாமலும் எழுந்தது.

கராச்சியிலிருந்து சென்னைக்கு

1947 டிசம்பர் மாதம் கராச்சியில் அகில இந்திய முஸ்லிம் லீகின் கவுன்சில் கூடிற்று. ஒரே ஸ்தாபனம் இரண்டாவது என்று அங்கே முடிவாயிற்று. பாகிஸ்தான் பகுதிக்கு லியாகத் அலிகான் அவர்களும், இந்தியப் பகுதிக்கு இஸ்மாயில் சாகிபும் அமைப்பாளராயினர். லீகின் நிதியில் இந்தியப் பங்கைப் பெற்றுக்கொள்ள அவர் மறுத்துவிட்டார் என்று நம் சமுதாயத்தில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அங்கேயே தங்கியிருந்தால் அவருக்கு மரியாதைக்கும் பதவிக்கும் குறைவு இருந்திராது. அவரோ சென்னைக்குத் திரும்பினார்.

திரும்பி வந்த இடத்தில் வரவேற்பு இல்லை. அதே டிசம்பர் இறுதியில் மௌலானா ஆஸாத் அவர்கள் லக்னோவில் கூட்டிய மகாநாடு, முஸ்லிம்கள் தனி அரசியல் கட்சிகளைக் கலைத்துவிட வேண்டும் என்று கேட்டது. சுஹ்ரவர்தி போன்ற பழைய லீகர்களும் அதே கருத்தினராய் இருந்தனர். வட மாகாணங்களில் லீக் கிளைகள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. 1948 ஜனவரி 30ஆம் நாள் காந்தியடிகள் கொலையுண்டார். நாடு துக்கத்திலும் கோபத்திலும் கொந்தளித்த காலம் அது.

அந்நிலையில், 1948 மார்ச் 10ஆம் நாள், பின்னாளில் ராஜாஜி மண்டபம் எனப் பெயர் பெற்ற சென்னை அரசாங்க மண்டபத்தில் கவுன்சில் கூடியது. கலைப்பதா, தொடர்வதா என்பதே அன்றைய கேள்வி. கலைக்க வேண்டும் என்றவர்களை நாம் கோழைகள் என்று தள்ளிவிட முடியாது. லீக் என்ற பெயரே பக்கத்து வீட்டாரின் சந்தேகத்தைக் கிளறும், பெரிய கட்சிகளோடு கலந்துவிட்டால் பாதுகாப்பு என்பது அவர்கள் வாதம். தொடர வேண்டும் என்றவர்களின் வாதம் வேறு. பயத்தால் பலகையைக் கழற்றிய கடைக்குப் பிறகு எவர் வருவார்? ஒளிந்து வாழ்பவன்மேல்தான் சந்தேகம் அதிகம் விழும். வெளிப்படையாகச் சட்டத்துக்கு உட்பட்டு நிற்பவனே நம்பிக்கையைச் சம்பாதிப்பான் என்பது இஸ்மாயில் சாகிபின் நிலை. இந்திய யூனியன் முஸ்லிம் லீக் அன்று தோன்றியது. அவரே தலைவரானார். இந்திய யூனியனின் சுதந்திரத்தையும் கௌரவத்தையும் காப்பதை அந்த ஸ்தாபனம் தன் கொள்கையில் முதன்மையாக எழுதி வைத்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் ஹைதராபாத் இராணுவ நடவடிக்கை வந்தது. லீகர்கள் பலர் கைதாயினர், பலர் விலகினர். அவர் விலகவில்லை.

தோற்றும் பேசினார்

அரசியல் நிர்ணய சபையில் அவரும், அவருடைய இளவல் அஹமது இப்ராஹிம் சாகிபும், மலபாரின் போக்கர் சாகிபும், மஹபூப் அலி பேக் சாகிபும் சென்னை மாகாண லீகின் குரலாக இருந்தனர். 1948 நவம்பர் 23ஆம் நாள், எந்தச் சமூகத்தையும் அதன் தனிச் சட்டத்தைக் கைவிடும்படி வற்புறுத்தலாகாது என்று அவர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அது ஏற்கப்படவில்லை. 1949 மே மாதம் சிறுபான்மையினரின் தனித் தொகுதி உரிமைக்காக வாதாடினார். சர்தார் பட்டேல் அவர்கள் வன்மையாக எதிர்த்தார். முஸ்லிம் உறுப்பினர்களிலேயே சிலர், பிரிவினைக்குப் பின் தனித் தொகுதி தீங்கையே தரும் என்றனர். அதிலும் அவர் தோற்றார். தனித் தொகுதி வேண்டும் என்ற அவர் கட்சி சரியா தவறா என்பதில் நம்மவரிடையே இன்றும் இரு கருத்து உண்டு. ஆனால் தோற்கப் போவது தெரிந்தும் சபையின் முறைக்குக் கட்டுப்பட்டு எழுந்து பேசி, தீர்ப்பை ஏற்று அமர்ந்த நாகரிகத்தில் இரு கருத்துக்கு இடமில்லை.

அதே 1949 செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதம் நடந்தது. பழமையே மொழிக்குத் தகுதி என்றால், இந்த மண்ணில் பேசப்படும் மொழிகளில் தமிழும் அதன் திராவிடச் சகோதர மொழிகளுமே தொன்மையானவை என்று அவர் அந்தச் சபையில் எடுத்துரைத்தார். முஸ்லிம் என்றால் உருது என்று நினைத்திருந்த வடநாட்டவர் பலருக்கு இது வியப்பாயிருந்திருக்கும். நமக்கு வியப்பில்லை. மார்க்கத்தால் முஸ்லிம், மொழியால் தமிழர் என்பது நமக்குத் தாய்ப்பாலோடு வந்த உண்மை.

மொழியால் பிரிந்த சென்னை

இங்கே ஒன்றை எண்ணிப் பார்ப்பது நலம். பஞ்சாபும் வங்காளமும் போலவே சென்னை மாகாணமும் பிரிந்தது. 1953 அக்டோபர் 1இல் ஆந்திரம் தனியாயிற்று. 1956 நவம்பர் 1இல் மலபார் கேரளத்தோடு சேர்ந்தது. சென்னை நகரம் யாருக்கு, திருத்தணி யாருக்கு, தேவிகுளம் பீர்மேடு யாருக்கு என்று சச்சரவு இல்லாமல் இல்லை. பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதம் இருந்து உயிர் துறந்தார், கலவரங்களும் உண்டு. ஆயினும் கோடிக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடவில்லை. எல்லைக்கு அப்பால் மாட்டிக்கொண்டவனின் கடையும் பள்ளியும் கோயிலும் இருந்த இடத்திலேயே இருந்தன. முன்னர் 1947இல் மலபாரில் மாப்பிள்ளைஸ்தான் என்ற பேச்சும் எழுந்து அடங்கியதுண்டு. அது அடங்கிப்போனதற்கு நாம் இறைவனுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இந்தப் பிரிவினையால் லீகின் பலமான பகுதியாகிய மலபார் வேறு மாநிலமாயிற்று. தலைவரோ தமிழர். எனினும் 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் மலையாள நாட்டின் மஞ்சேரித் தொகுதி மக்கள் இந்தத் திருநெல்வேலிக்காரரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினார்கள். அதற்கு முன் 1952 முதல் 1958 வரை ராஜ்ய சபையிலும் இருந்தார்.

கூட்டு வைப்பதிலும் அவர் வியாபாரியின் நிதானத்தோடே நடந்தார். 1952இல் சென்னையில் ராஜாஜி மந்திரி சபைக்கு லீகின் ஐந்து உறுப்பினர்கள் ஆதரவு தந்தனர். 1960இல் கேரளத்தில் காங்கிரஸோடும் பிரஜா சோஷலிஸ்டுகளோடும் உடன்பாடு ஏற்பட்டது. 1967இல் கேரளத்தில் கம்யூனிஸ்டுகளோடும், சென்னையில் அறிஞர் அண்ணாவின் தி.மு.கழகத்தோடும் லீக் கைகோத்தது. கொள்கையற்ற பேரம் என்று குறை கூறினோர் உண்டு. எவரோடும் பேசாமல் ஒதுங்கி நிற்கும் சிறுபான்மை வளராது என்பதே அவர் கண்ட கணக்கு. 1969இல் மலப்புரம் ஜில்லா பிறந்தபோது, இது இன்னொரு பாகிஸ்தானாகும் என்று கூச்சல் எழுந்தது. ஆண்டுகள் பல கடந்துவிட்டன. மலப்புரம் கேரளத்தின் ஜில்லாக்களில் ஒன்றாக, கல்வியில் முன்னேறி, இருந்த இடத்திலேயே இருக்கிறது.

1962இல் சீனாவோடு போர் மூண்டபோது, தம் ஒரே மகனாரைப் போர்முனைக்கு அனுப்ப ஆயத்தமாயிருப்பதாக அவர் பிரதமர் நேரு அவர்களுக்குத் தெரிவித்தார். விசுவாசத்தைச் சந்தேகித்தவர்களுக்கு இதைவிட வேறு ரசீது எதைக் காட்டுவது?

இறுதி நாட்கள்

1971 டிசம்பர் 16ஆம் நாள் கிழக்குப் பாகிஸ்தான் வங்காள தேசமாயிற்று. மதத்தைக் கொண்டு போட்ட கோட்டுக்குள் மொழியின் உரிமை மறுக்கப்பட்டால் என்னாகும் என்பதற்கு 1952 பிப்ரவரி 21இல் டாக்காவில் சிந்திய இரத்தமே முன்னறிவிப்பாயிருந்தது. தமிழுக்காகச் சபையில் வாதாடிய காயிதே மில்லத் அந்த முடிவையும் கண்டுவிட்டே கண் மூடினார்.

1972 ஏப்ரல் 5ஆம் நாள் சென்னையில் அன்னார் வபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கம் நடந்தது. கட்சி பேதமின்றித் தலைவர்கள் திரண்டனர். அண்ணா சாலையில் உள்ள அரசினர் மகளிர் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1991இல் நாகப்பட்டினம் தனி மாவட்டமானபோது அவர் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. 1997இல் மாவட்டங்களுக்கு இட்ட தலைவர் பெயர்கள் யாவும் நீக்கப்பட்டபோது அதுவும் போயிற்று. பெயர்ப் பலகை வரும், போகும். அவர் காத்த மானம் போகாது.

நமக்கு என்ன?

கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலும், பிரிக்ஃபீல்ட்ஸிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் கடை நடத்தும் நமக்கு இந்த வரலாறு எதற்கு என்று கேட்கலாம். ரஜூலா கப்பலேறிச் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் இறங்கிய நம் முன்னோர், பணத்தை ஓரிடத்தில் சம்பாதித்து மனத்தை வேறிடத்தில் வைத்திருந்தார்கள். 1957 ஆகஸ்ட் 31ஆம் நாள் மலாயா சுதந்திரம் பெற்றபோது அவர்களுக்கும் ஒரு கேள்வி வந்தது. எந்த நாட்டை என் நாடு என்பது? சிலர் திரும்பினர். பலர் குடியுரிமை பெற்றுத் தங்கினர். இன்று நாம் அவர்களின் மக்களாகவும் பேரர்களாகவும் இம்மண்ணில் வாழ்கிறோம்.

இங்கே மார்க்கத்தால் பெரும்பான்மையோடும், மொழியால் சிறுபான்மையோடும் நாம் சேர்ந்திருக்கிறோம். மார்க்கத்தைச் சொல்லி மொழியை விட்டுவிடு என்பார் ஒருபுறம். மொழியைச் சொல்லி மார்க்கத்தைத் தள்ளி வை என்பார் மறுபுறம். நம் வீட்டுப் பிள்ளைகள் இந்த இழுபறியின் நடுவில்தான் வளர்கிறார்கள். காயிதே மில்லத் அவர்கள் இரண்டையும் பிரித்துப் பங்கு வைக்கவில்லை. தொழுகைப் பாயையும் தமிழையும் ஒரே கையில் ஏந்தியே தில்லிவரை சென்றார். வாழும் நாட்டுக்கு விசுவாசமாய் இருந்தார். உரிமை கேட்கும்போது ஒளிவுமறைவு இல்லாமல் கேட்டார். மறுக்கப்பட்டால் மீண்டும் முறைப்படி கேட்டார்.

நம் சங்கங்களில் சிறு மனத்தாங்கல் வந்தாலே தனிச் சங்கம் காணப் புறப்படுகிறவர்கள், பிரிப்பது எளிது, பிரித்தபின் எஞ்சியவர்களைக் காப்பதே கடினம் என்பதை இவ்வரலாற்றிலிருந்து அறிவார்களாக. பிள்ளைகளுக்கு அன்னாரின் பெயரைச் சொல்லிக் கொடுப்போம். அவர் யார் என்பதையும் சேர்த்தே சொல்லிக் கொடுப்போம்.

எல்லாம் வல்ல அல்லாஹ் அன்னாரின் கப்ரை ஒளிமயமாக்குவானாக! ஆமீன்.